மூட்டை காலி, ஊர் இன்னும் தூரம்: நெடுநடையில் சாப்பாட்டுக் கோளாறுகளைச் சரிசெய்வது எப்படி

பல நாள் நடைகளுக்குச் சாப்பாட்டு மூட்டை கட்டும்போது ஒவ்வொரு முறையும் எனக்கு ஏதாவது ஓரிடத்தில் கணக்கு உதைத்திருக்கிறது. அதைத் திருத்திக்கொண்டு அடுத்த நடைக்குப் போனால் வேறோர் இடத்தில் உதைக்கும். அப்படி உதைபட்டுச் சேர்த்த குறிப்புகள் இவை. உங்கள் தொல்லை எந்தத் தலைப்பில் வருகிறதோ, நேராக அங்கே போங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணத்தை முதலிலும், பணமோ பயணமோ கேட்கும் காரணத்தைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன். அந்த வரிசையிலேயே பாருங்கள். புது அடுப்பு வாங்கிய பிறகுதான், பழைய அடுப்புக்குக் காற்றுமறைப்பு வைக்காததுதான் குறை என்று கண்டுபிடித்தவன் நான்.

தொடங்கும் முன் ஒரு பழக்கம். சாமான் நிரப்பும் ஊருக்குள் நுழைந்ததும், குளிப்பதற்கும் முன்பே, பையில் மிச்சமிருக்கும் உணவை எடை போட்டு எழுதி வையுங்கள். என்னென்ன மிச்சம் என்பதையும் ஒரு வரி எழுதுங்கள். கொக்கித் தராசு ஒன்று நூறு கிராம்கூட இருக்காது. இல்லாவிட்டால் ஏதாவது ஒரு கடைத் தராசு போதும். கீழே வரும் சோதனைகளில் பாதி இந்த எண்ணை வைத்துத்தான் நடக்கின்றன.

## ஊர் வருவதற்கு முன்பே சாப்பாடு தீர்ந்துவிடுகிறது

முதல் சந்தேகம்: நாளை எண்ணினீர்களா, வேளையை எண்ணினீர்களா?

"ஐந்து நாள் நடை" என்று சொல்லி, ஐந்தை மூன்றால் பெருக்கிப் பதினைந்து வேளை கட்டுவதுதான் வழக்கம். அது சரியாக வருவது அபூர்வம். திங்கட்கிழமை மதியம் ஊரில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பி, வெள்ளிக்கிழமை பிற்பகல் அடுத்த ஊரைத் தொடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இரவு உணவு திங்கள் முதல் வியாழன் வரை 4, காலை உணவு செவ்வாய் முதல் வெள்ளி வரை 4, மதிய உணவும் அதே 4. மொத்தம் 12 வேளை. 15 கட்டியவர் மூன்று வேளையை வீணாகச் சுமக்கிறார்.

அதே ஐந்து நாளைத் திங்கட்கிழமை விடியற்காலையில் வெறும் வயிற்றோடு தொடங்கி, வெள்ளி இரவு எட்டு மணிக்குக் கடை சாத்திய ஊருக்குள் நுழைபவருக்கு, பதினைந்து வேளையோடு மறுநாள் காலைச் சாப்பாடும் தேவைப்படும். இரண்டுக்கும் பெயர் "ஐந்து நாள்"தான்.

சோதனை: ஒரு தாளில் கிழமைகளை எழுதி, ஒவ்வொன்றின் கீழும் காலை, மதியம், இரவு என்று மூன்று கட்டம் போடுங்கள். ஊரில் சாப்பிடும் வேளைகளை அடியுங்கள். மிச்சக் கட்டங்களை எண்ணுங்கள். பத்து நிமிட வேலைதான். என் அனுபவத்தில் இந்தத் தலைப்பின் கீழ் வரும் குறைகளில் பெரும்பாலானவை இங்கேயே தீர்ந்துவிடும்.

இரண்டாவது: நடக்கும் வேகத்தை ஆசைக்குப் போட்டீர்களா?

120 கிலோமீட்டர், நாளுக்கு 25 என்றால் ஐந்து நாளைக்குள் அடங்கும் என்று தாளில் வருகிறது. ஆனால் மூட்டை கனமாக இருக்கும் முதல் நாளில் 25 நடப்பவர்கள் குறைவு. ஏற்றத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நேய்ஸ்மித் 1892-இல் சொன்ன விதி இன்றும் உதவுகிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். சுமை, சேறு, வெயில் எதுவும் இதில் இல்லை. அதனால் நான் வரும் விடையோடு கால் பங்கு கூட்டிக்கொள்கிறேன்.

சோதனை: போன ஊரிலிருந்து இந்த ஊர்வரை உண்மையில் ஒரு நாளைக்கு எவ்வளவு நடந்தீர்கள்? அந்த எண்ணைப் போட்டு மறுபடி கணக்கிடுங்கள். திட்டத்தில் இருக்கும் எண்ணை மறந்துவிடுங்கள்.

மூன்றாவது: கொறிக்கும் பை.

கடலை, உலர்திராட்சை, சாக்லேட் எல்லாவற்றையும் ஒரே பெரிய பையில் போட்டு, கைக்கு எட்டும் இடத்தில் வைத்தால் மூன்றாம் நாளே அடி தட்டும். பேராசை என்று இதைச் சொல்ல மாட்டேன். அளவு கண்ணுக்குத் தெரியாததுதான் கோளாறு. நாளுக்கு ஒரு சிறு பை என்று பிரித்துக் கட்டுங்கள். இன்றைய பை தீர்ந்தால் இன்றைக்கு அவ்வளவுதான். நாளைய பையைத் திறக்கும்போது மனச்சாட்சி உறுத்தும், அதுவே போதுமான பூட்டு.

நான்காவது: பசி உண்மையாகவே கூடிவிட்டது.

முதல் வாரத்தில் பலருக்குப் பசி மந்தமாக இருக்கும். இரண்டு மூன்று வாரம் கழிந்ததும் அது திடீரென்று பேய்ப்பசியாக மாறும். முதல் வாரத்துக்குச் சரியாக இருந்த அளவு நான்காம் வாரத்தில் அரை வயிற்றுக்குக்கூடக் காணாது. தொடக்கத்தில் நாளுக்கு 650 முதல் 750 கிராம் உலர் உணவு, பிறகு 850 முதல் 1,000 கிராம் என்று ஏற்றிக்கொள்ளுங்கள். இரண்டு ஊர்களில் தொடர்ந்து மிச்சம் பூஜ்யம் என்று நோட்டில் இருந்தால், ஏற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது.

இப்போதே பாதையில் தீர்ந்துவிட்டதா? ஆரோக்கியமான ஆள் ஒரு நாள் அரைப்பசியோடு நடந்துவிடலாம். தண்ணீர் இருக்க வேண்டும், வேகத்தைக் குறைக்க வேண்டும், மிச்சம் இருப்பதை ஒரே வேளையில் முடிக்காமல் சிறிது சிறிதாகப் பகல் முழுவதும் சாப்பிட வேண்டும். எதிரே வருபவரிடம் கேட்க வெட்கப்படாதீர்கள். ஊரை நோக்கி ஒரு நாள் தூரத்தில் இருப்பவர்களின் பையில் அநேகமாகக் கூடுதல் இருக்கும். தெரியாத காய், காளான் எதையும் வாயில் வைக்காதீர்கள்.

எப்போது உதவிக்கு அழைப்பது: ஒரு நாளைக்கு மேல் தூரம் மிச்சமிருந்து சாப்பாடு இல்லையென்றால், குளிரில் நனைந்து நடுங்குகிறீர்கள் என்றால், கூட வருபவர் சிறுவர் என்றால். இன்சுலின் போடுபவரிடம் இனிப்பு தீரும் நிலைக்கு வந்தாலே அழைத்துவிடுங்கள், தீரும்வரை காத்திருக்க வேண்டாம்.

## ஒவ்வொரு ஊரிலும் ஒரு கிலோ மிச்சம், தோள் வலி மட்டும் குறையவில்லை

மேலே சொன்னதன் மறுபக்கம். பலர் இதைக் கோளாறாகவே நினைப்பதில்லை, "பத்திரத்துக்கு இருக்கட்டும்" என்பார்கள். ஒரு நடையில் ஆறாம் நாள் ஊருக்குள் போய் எடை போட்டேன்: 1,140 கிராம். பையைக் கொட்டிப் பார்த்தால் இனிப்பு ஓட்ஸ் பொட்டலம் ஏழு, யாரோ சொன்னதற்காக வாங்கிய புரதக் கட்டி நான்கு, அவசரத்துக்கு வைத்த நூடுல்ஸ் இரண்டு. அந்த ஓட்ஸை எனக்குப் பிடிக்கவில்லை என்பதை முதல் பொட்டலத்திலேயே நாக்கு சொல்லிவிட்டது. நான்தான் ஊர் வரும்வரை அதைச் சுமந்தேன்.

எனவே சோதனை எளிது. மிச்சத்தின் எடையை விட, மிச்சத்தின் பெயரைப் பாருங்கள். ஒரே பொருள் இரண்டு ஊர்களில் மிஞ்சினால் அது உங்கள் உணவு இல்லை, யாருக்காவது கொடுத்துவிடுங்கள். கலந்து மிஞ்சினால் அளவுதான் அதிகம், கட்டங்களை மறுபடி எண்ணுங்கள். அவசர இருப்பு அவசியம்தான், ஆனால் அது ஒரு வேளை இரவு உணவும் ஒரு கைப்பிடி கடலையும்தான். ஊர்கள் மிக விலகி இருக்கும் கட்டத்துக்கு மட்டும் ஒரு முழு நாள்.

## பையில் நிறைய இருக்கிறது, பிற்பகலில் கால் நகர மறுக்கிறது

எளிய காரணம்: மதியம் வரை ஒன்றும் சாப்பிடவில்லை. காலையில் ஏதோ விழுங்கிவிட்டு நான்கு மணி நேரம் நடந்தால் இது வரத்தான் செய்யும். ஒரு மணி அல்லது ஒன்றரை மணிக்கு ஒரு முறை, பசிக்கிறதோ இல்லையோ, ஒரு கைப்பிடி. சோதனை: நாளைக்கு இப்படிச் சாப்பிட்டுப் பாருங்கள். பிற்பகல் தளர்ச்சி போய்விட்டால் விவகாரம் முடிந்தது.

அடுத்தது: சாப்பாடு பையின் அடியில் இருக்கிறது. சிரிக்க வேண்டாம். மழையில் முதுகுப்பையை இறக்கி, உறையை உருவி, கூடாரத்தை வெளியே எடுத்து, அதன் கீழே இருக்கும் பொட்டலத்தைத் தேட யாருக்கு மனம் வரும்? இடுப்புப் பட்டைப் பையிலோ பக்கப் பையிலோ அன்றைய தீனி காலையிலேயே ஏறியிருக்க வேண்டும்.

தண்ணீரும் உப்பும். தலைவலி, அடர்மஞ்சள் சிறுநீர் என்றால் தண்ணீர் போதவில்லை. சிறுநீர் நிறமே இல்லாமல் போகிறது, விரல்கள் வீங்கி மோதிரம் இறுகுகிறது, குமட்டுகிறது என்றால் வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்திருக்கிறீர்கள், இரத்தத்தில் உப்பு நீர்த்துவிட்டது. வெறும் தண்ணீரை நிறுத்திவிட்டு உப்புள்ள எதையாவது சாப்பிடுங்கள். பேச்சு குழறினாலோ வலிப்பு வந்தாலோ மீட்புக் குழுவைத்தான் அழைக்க வேண்டும். அந்த நிலையில் தண்ணீர் புகட்டுவது கெடுதல்.

கனம் இருக்கிறது, சத்து இல்லை. பையில் 900 கிராம் இருந்தும் அதில் 2,600 கலோரிதான் என்றால், நாள் முழுவதும் மலை ஏறுபவருக்கு அது காணாது. நெடுநடையில் 3,000 முதல் 5,000 கலோரி வரை செலவாகும் நாட்கள் சாதாரணம். கையோடு வைத்துக்கொள்ள ஒரு மதிப்பீடு, 100 கிராமுக்கு: எண்ணெய் 880-க்கு மேல், பாதாம் 580, நிலக்கடலை 570, சாக்லேட் 540, முழுக்கொழுப்புப் பால் பொடி 500, பொரித்த நூடுல்ஸ் 450, ஓட்ஸ் 380, அரிசி 360, உலர்திராட்சை 300.

சோதனை: ஒரு நாள் பையை எடுத்து, உறைகளில் உள்ள கலோரியைக் கூட்டி, மொத்த எடையால் வகுங்கள். கிராமுக்கு 4-க்குக் கீழே வந்தால் கொழுப்பு குறைவு. 4.2 முதல் 4.5 வரை வந்தால் நல்லது. மலிவான திருத்தம், இரவு உணவில் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய். ஏறத்தாழ 240 கலோரி கூடும், எடை 30 கிராமுக்கும் குறைவு. ஆனால் எண்ணெயைத் திருகுமூடிப் புட்டியில் ஊற்றி, அதையும் ஒரு பைக்குள் போட்டு, நிமிர்த்தி வையுங்கள். ஒருமுறை என் தூக்கப்பை முழுக்க எண்ணெய் குடித்தது. மூன்று இரவு வறுத்த கடலையின் வாசத்தில் தூங்கினேன்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் வாரக்கணக்கில் தளர்ச்சி, படி ஏறினாலே மூச்சு, முகம் வெளிறல் என்றால், ஊரில் ஒரு மருத்துவரைப் பார்த்து இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இரத்தசோகைக்குச் சாக்லேட் மருந்தில்லை.

## சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டுகிறது

இதில் முதல் கேள்வி, எந்த உயரத்தில் இருக்கிறீர்கள்?

2,500 மீட்டருக்கு மேல் என்றால்: தலைவலியோடு குமட்டலும் சேர்ந்தால், வேறு காரணம் நிரூபணமாகும்வரை உயர நோய் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மேலே ஏறாதீர்கள். ஓய்வெடுத்து, சிறிது சிறிதாக மாவுச்சத்தும் இனிப்பும் எடுங்கள். நேர்க்கோட்டில் நடக்க முடியவில்லை, பேச்சில் குழப்பம், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைப்பு என்று எது தெரிந்தாலும் இருட்டானாலும் கீழே இறங்குவதும் உதவிக்கு அழைப்பதும்தான் வழி. இதற்கு உணவுத் திட்டத்தில் தீர்வு கிடையாது.

தாழ்வான இடத்தில் என்றால் பெரும்பாலும் சலிப்புதான். இருபது நாளுக்கு ஒரே இரவு உணவைக் கட்டிவைத்தவருக்கு எட்டாம் நாள் வரும் நோய் இது. வீட்டில் ருசித்த பொருள் பாதையிலும் ருசிக்கும் என்று எண்ணி மொத்தமாக வாங்குவது பெரிய தப்பு. நடப்பவரின் நாக்கு மாறிக்கொண்டே இருக்கும். இனிப்பு திகட்டும், உப்பும் புளிப்பும் காரமும் கேட்கும். நான் இப்போது அடிப்படை உணவை மாற்றுவதில்லை. சிறு பொட்டலங்களில் மிளகுத்தூள், எலுமிச்சைப் பொடி, சூப்புத்தூள், பூண்டுப்பொடி என்று நான்கு வைத்துக்கொள்கிறேன், எல்லாம் சேர்ந்து 60 கிராம். அதே நூடுல்ஸ் நான்கு நாளைக்கு நான்கு விதமாக இறங்குகிறது.

நடந்து முடித்த உடனே சாப்பாடு இறங்கவில்லை என்றால் அது வேறு. உடல் சூடாக இருக்கிறது. கூடாரம் போட்டு, கால் கழுவி, அரை மணி கழித்து முதலில் சூப்பு மட்டும் குடியுங்கள். அதன்பின் பசி தானாக வரும்.

இரண்டு நாளுக்கு மேல் எதுவுமே தங்கவில்லை, குடித்த தண்ணீரும் வெளியே வருகிறது என்றால் அருகில் உள்ள ஊருக்கு இறங்கி மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

## வயிறு ஓடுகிறது

காரணம் தேடும் முன் உப்புச் சர்க்கரைக் கரைசலைத் தொடங்கிவிடுங்கள். ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. மருந்துக்கடைப் பொட்டலம் இருந்தால் இன்னும் நல்லது. இரண்டு பொட்டலம் எப்போதும் பையில் இருக்கட்டும். பிறகு இந்த வரிசையில் துப்புத் துலக்குங்கள்.

நேற்று புதிதாக என்ன சாப்பிட்டீர்கள்? சர்க்கரையில்லா மிட்டாய்களில் இருக்கும் சார்பிட்டால், அளவுக்கு மீறிய உலர்பழம், திடீரென்று கூட்டிய எண்ணெய் மூன்றும் வயிற்றைக் கலக்கும். நிறுத்தினால் ஒரு நாளில் சரியாகும்.

கை கழுவினீர்களா? சானிடைசர் தேய்த்தேன் என்று சொல்லாதீர்கள். நெடும்பாதைகளில் கும்பல் கும்பலாக ஆட்களைப் படுக்கவைக்கும் நோரோ வைரஸ் அதற்கு முறையாக அடங்குவதில்லை. சோப்பும் தண்ணீரும்தான் நம்பகமானவை. இதோடு சேர்ந்த இன்னொரு கெட்ட பழக்கம், ஒருவரின் கடலைப் பைக்குள் எல்லோரும் கைவிடுவது. பையைச் சாய்த்து உள்ளங்கையில் கொட்டிக் கொடுங்கள். இது மரியாதைக் குறைவு என்று எவரும் நினைப்பதில்லை.

நேற்றைய சோற்றை வைத்திருந்து சாப்பிட்டீர்களா? சமைத்த அரிசி வெதுவெதுப்பாகக் கிடந்தால் அதில் வளரும் கிருமியின் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. மிஞ்சாத அளவு சமையுங்கள்.

கடைசியாகத் தண்ணீர் வடிகட்டி. வெற்றிழை வடிகட்டி (உள்ளே குழல் போன்ற நுண்ணிழைகள் உள்ளது) ஒருமுறை உறைந்துவிட்டால் உள்ளே விரிசல் விடும், வெளியே ஒன்றும் தெரியாது, தண்ணீரும் வழக்கம்போல வரும். குளிர் இரவில் அதைத் தூக்கப்பைக்குள் வைத்தீர்களா என்று யோசியுங்கள். நினைவில்லை என்றால் உறைந்ததாகவே கொண்டு, புதிது வாங்கும்வரை தண்ணீரைக் கொதிக்கவையுங்கள். தளதளவென்று ஒரு நிமிடம், 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம். இந்த வடிகட்டிகள் பொதுவாக வைரஸைத் தடுப்பதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

மலத்தில் இரத்தம், கடும் காய்ச்சல், எழுந்தால் தலைசுற்றல், மூன்று நாளாகியும் நிற்காத போக்கு, எதுவானாலும் மருத்துவரிடம். நடை முடிந்து ஒன்றிரண்டு வாரம் கழித்து நாற்றமடிக்கும் ஏப்பமும் போக்கும் தொடங்கினாலும் போங்கள். ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணி நோய் அவ்வளவு தாமதித்தும் வரும். பாதையில் எந்த நீரைக் குடித்தீர்கள் என்று மருத்துவரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.

## எடை இறங்கிக்கொண்டே போகிறது

முதல் இரண்டு மூன்று வாரம் கொஞ்சம் இறங்கும். அதற்காகக் கவலைப்பட வேண்டாம். ஒவ்வொரு ஊரிலும் தொடர்ந்து இறங்கினால், பாதையில் தின்பதைக் கூட்டுவதை விட ஊரில் தின்பதைக் கூட்டுவது எளிது. அங்கே கனத்தை வயிற்றில் சுமக்கிறோம், முதுகில் இல்லை. பாதையில் கிடைக்காத காய்கறி, பழம், முட்டை, தயிர் முதலில். ஒரு வேளையில் திணிக்காமல் இரண்டு நாள் தங்கி ஐந்தாறு வேளையாகச் சாப்பிடுங்கள்.

அடுத்தது, இரவு உணவில் புரதம் இருக்கிறதா என்று பாருங்கள். பருப்பு மாவு, பால் பொடி, சோயா, உலர்ந்த இறைச்சி, எது ஒத்துவருமோ அது.

நடக்கத் தொடங்கியபோது இருந்த எடையில் பத்தில் ஒரு பங்கு போய்விட்டால், அல்லது மாதவிடாய் நின்றுவிட்டால், காலில் ஒரே இடத்தில் எலும்பு வலி விடாமல் இருந்தால், அதற்குமேல் சொந்த வைத்தியம் போதாது. நடையை நிறுத்தி வைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள். நீண்ட நாள் பட்டினிக்குச் சமமாக இருந்தவர்கள் திடீரென்று வயிறுமுட்டச் சாப்பிடுவதே ஆபத்து. எவ்வளவு, எப்படி என்று அவர்தான் சொல்ல வேண்டும்.

## அடுப்பு எரிகிறது, சாப்பாடு வேகவில்லை

காற்று, மூடி, தீ. காற்றுமறைப்பு இல்லாமல், மூடி போடாமல், தீயைப் பாத்திரத்தின் பக்கவாட்டில் வழியவிட்டு எரித்தால் எந்த அடுப்பும் தோற்கும். பாறை மறைவில் வைத்து, மூடி, தீயைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள். சிலிண்டரின் தலையில் பொருத்தும் அடுப்புக்கு மறைப்பை முழு வட்டமாகச் சுற்றாதீர்கள். சிலிண்டர் சூடேறி வெடிக்கும். கூடாரத்துக்குள் எரிக்கவே வேண்டாம், கார்பன் மோனாக்சைடு வாசனை காட்டாது.

குளிர். சிலிண்டரில் அடைக்கும் வாயுக்களில் பியூட்டேன், தண்ணீரின் உறைநிலைக்குச் சற்றுக் கீழேயே ஆவியாவதை நிறுத்திவிடும். ஐசோபியூட்டேன் −11 டிகிரி வரை தாங்கும், புரொப்பேன் −42 வரை. அதிகாலையில் தீ சோம்பினால் சிலிண்டரைக் கம்பளிச் சட்டைக்குள் பத்து நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். அப்போது தீ உயிர்பெற்றால் சிலிண்டர் காலியில்லை. குளிர்நாட்டுக்கு அடுத்த முறை புரொப்பேன் கலந்ததை வாங்குங்கள்.

உயரம். 3,000 மீட்டரில் தண்ணீர் 90 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. அங்கே பருப்பு எவ்வளவு கொதித்தாலும் வேகாமல் அடம்பிடிக்கும், கேஸ்தான் தீரும். மெல்லிய நூடுல்ஸ், முன்பே வேகவைத்து உலர்த்திய அரிசி, பொடித்த பருப்பு இவைதான் அந்த உயரத்துக்கு. ஊற வைப்பதும் பெரிய உதவி. கூடாரம் போடத் தொடங்கும்போதே பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி ஊறவிடுங்கள்.

கேஸ் எவ்வளவு மிச்சம்? குலுக்கிப் பார்த்துச் சொல்பவர்களை நம்பாதீர்கள். புதுச் சிலிண்டரையும் காலியான சிலிண்டரையும் வீட்டில் தண்ணீரில் மிதக்கவிட்டு, இரண்டும் எந்த அளவுக்கு மூழ்குகின்றன என்று அழியாத மையால் கோடு போட்டு வையுங்கள். பாதையில் ஒரு பாத்திரத் தண்ணீரில் விட்டால், எந்தக் கோட்டுக்கு அருகில் நிற்கிறது என்று பார்த்து மிச்சத்தைக் கணிக்கலாம். அரை லிட்டர் தண்ணீர் கொதிக்கக் காற்றில்லாத இடத்தில் 7 முதல் 10 கிராம் கேஸ் போதும். நாளுக்கு இருமுறை என்றால் 100 கிராம் சிலிண்டர் ஐந்தாறு நாள் வரும். பனியை உருக்கிக் குடித்தால் இந்தக் கணக்கு செல்லாது.

கேஸ் நாற்றம், திருகிய இடத்தில் சீறல் இருந்தால் முதலில் சுற்றிலும் உள்ள தீயை அணையுங்கள். கழற்றி, ரப்பர் வளையத்தில் மண்ணோ வெடிப்போ இருக்கிறதா என்று பாருங்கள். வளையம் கெட்டிருந்தால் பாதையில் ஒட்டு வேலை செய்யாதீர்கள். ஊர் வரும்வரை குளிர்ந்த நீரில் ஊறவைத்த ஓட்ஸ், கடலை, நூடுல்ஸ் என்று ஓட்டிவிட்டு, பழுது பார்க்கும் இடத்தில் கொடுங்கள். விமானத்தில் சிலிண்டரைக் கைப்பையிலோ பெட்டியிலோ கொண்டுபோக முடியாது. இறங்கும் ஊரில் கிடைக்குமா என்று முன்பே கேட்டுவையுங்கள்.

## முன்கூட்டி அனுப்பிய பார்சல் வரவில்லை

இந்தக் கோளாறு வீட்டில் பிறந்து பாதையில் தெரியவருவது. என்னிடம் இருந்த வரலாறு: ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஊருக்குள் நடந்து வந்து, பூட்டிய தபால் நிலையக் கதவின் கண்ணாடி வழியே என் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றேன். பச்சை நாடா ஒட்டியது நான்தான், அதனால் தூரத்திலேயே அடையாளம் தெரிந்தது. திங்கட்கிழமை ஒன்பது மணிவரை ஓர் அறைக்கு வாடகை கொடுக்க வேண்டியதாயிற்று.

முதலில் பார்க்க வேண்டியவை: வேலை நாளும் நேரமும், பெட்டியில் எழுதிய பெயரும் உங்கள் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒன்றுதானா, நீங்கள் வரும் தோராயமான தேதியைப் பெட்டியின் மேல் எழுதினீர்களா. தேதி இல்லாத பெட்டியைச் சில இடங்களில் இத்தனை நாளுக்குப் பிறகு திருப்பி அனுப்பிவிடுவார்கள். பெயருக்கு மாற்றாக நண்பர்கள் கூப்பிடும் செல்லப்பெயரை எழுதியவர்களையும் பார்த்திருக்கிறேன்.

பிறகு கண்காணிப்பு எண். அதை வீட்டு மேசையில் விட்டுவராமல் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். எண் இருந்தால் பெட்டி எங்கே நிற்கிறது என்று அலுவலரே பார்த்துச் சொல்வார்.

உண்மையாகவே தொலைந்துவிட்டால் அந்த ஊர்க் கடையில் கிடைப்பதை வாங்கி நடையைத் தொடருங்கள். எல்லாக் கடையிலும் நூடுல்ஸ், பிஸ்கட், எண்ணெய், கடலை, சர்க்கரை இருக்கும். அதிலேயே நாலு நாள் ஓட்டலாம், அழகாக இருக்காது. கடையே இல்லாத இடமென்றால், அங்கிருந்து வண்டி பிடித்து அடுத்த ஊருக்குப் போய் வாங்கி வருவதோ, கூலிக்குச் சாமான் கொண்டுவந்து கொடுப்பவரை ஏற்பாடு செய்வதோதான் மிச்சம். செலவு பிடிக்கும். இருந்தாலும் அரைப் பையோடு ஒரு வாரத் தொலைவுக்குள் இறங்குவதை விட மலிவு.

திருத்தம்: எல்லா ஊருக்கும் பெட்டி அனுப்பாதீர்கள். கடை இல்லாத இடங்களுக்கு மட்டும், அங்கே கிடைக்காத மருந்துக்கு மட்டும், ஒவ்வாமை உள்ளவர்களுக்குத் தேவையான உணவுக்கு மட்டும் அனுப்புங்கள். பெட்டியை ஒரேயடியாக ஒட்டிவிடாமல் வீட்டில் ஒருவர் பொறுப்பில் திறந்தே வைத்துவிட்டுக் கிளம்புங்கள். போன ஊரில் மிஞ்சிய பட்டியலை அவருக்குச் சொன்னால், அந்த ஓட்ஸ் பொட்டலங்களை எடுத்துவிட்டு அனுப்புவார்.

## இரவில் யாரோ தின்றிருக்கிறார்கள்

பெரும்பாலும் எலி. பையில் துளை சிறிதாக, ஓரம் கடித்ததாக இருக்கும். உணவைக் கூடாரத்துக்குள்ளும் தங்குமிடத் தரையிலும் வைக்காதீர்கள். உணவோடு பற்பசையும் சோப்பும் சேர்ந்து வாசனை வராத பைக்குள் போகட்டும். முதுகுப்பைப் பைகளைத் திறந்து விட்டுவிட்டால், எலி உள்ளே ஒன்றுமில்லை என்று பார்த்துவிட்டுப் போகும், துணியைக் கடிக்காது.

கரடி நடமாடும் இடமென்றால் விதி அந்தக் காட்டு நிர்வாகத்தினுடையது. சில இடங்களில் கடினமான உருளைப் பெட்டி கட்டாயம். நடைக்கு முன்பே கேட்டு, வாடகைக்குக் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் எத்தனை நாள் உணவு அடங்கும் என்பதை வீட்டிலேயே அடைத்துப் பாருங்கள். முதல் நாள் உணவை வெளியே வைத்துக்கொள்ளலாம், அன்று இரவுக்குள் தின்றுவிடுவீர்கள். பெட்டியைப் படுக்கும் இடத்திலிருந்து குறைந்தது 30 மீட்டர் தள்ளித் தரையில் வையுங்கள், தண்ணீருக்கும் பள்ளத்துக்கும் அருகில் வேண்டாம், உருண்டு போய்விடும்.

கரடி ஒருமுறை உணவை எடுத்துவிட்டால் திரும்பப் பிடுங்கப் போகாதீர்கள். எந்த இடம், எத்தனை மணி என்று குறித்துக்கொண்டு காட்டு அலுவலரிடம் அன்றே சொல்லிவிடுங்கள். அடுத்த இரவு அதே இடத்தில் வேறொருவர் கூடாரம் போடுவார்.